தறிகள் ஊமையான வருஷத்தில் வந்த கேசட்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஏமாந்தவர் தான் ஏமாந்ததைக் கண்டுபிடிக்கிற இடத்தில் வரும் சிரிப்பு. அது கடைசியில்தான் இருக்கிறது, ஆகையால் இப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டாம், ஈ புகுந்துவிடும். அந்தச் சிரிப்புக்காகத் தட்டாங்காட்டுப்பாளையத்தில் ஒரு பெண் ஏழு மாதம் காத்திருந்தாள். உங்களால் நாலு பக்கம் பொறுக்க முடியாதா என்ன.

பெண்ணின் பெயர் கோகிலவாணி. ப்ளஸ் டூ படித்தாள், இடது கைக்காரி, காதில் விழுந்த எதையும் வாயால் திருப்பித் தருவாள். பவானி பஸ் கண்டக்டரின் “உள்ள போ உள்ள போ, உள்ள என்ன பாம்பா இருக்குது” அவளிடம் இருந்தது. பாட்டு தொடங்கும் முன்னால் காளியம்மன் கோயில் ஒலிபெருக்கி கீச்சிடுவதும், கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடிக்கும் ஸ்கூட்டரின் இருமலும், மூன்றாவது விசிலுக்கு முன் குக்கர் யோசிப்பதும் இருந்தன. ஒருமுறை ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்து தலைமையாசிரியையின் குரலில் “இன்னிக்கு லீவு, சத்தம் போடாம வீட்டுக்குப் போங்க” என்று சொல்ல, மூன்று வகுப்புகள் நிஜமாகவே வீட்டுக்குப் போயின. தலைமையாசிரியையே பாதி தூரம் போய்த்தான் திரும்பி வந்தார். “உனக்குன்னு ஒரு குரல் இருக்குதாடி?” என்று அம்மா மயிலாத்தா கேட்டால், அதே கேள்வி அதே குரலில் திரும்பி வரும். மயிலாத்தாவுக்குப் பாவு பிணைக்கும் வேலை, நாளெல்லாம் நூலோடு நூலை முடிச்சிடுவது. மகளுக்கும் கற்றுக் கொடுத்தாள். ஆனால் மகளின் முடிச்சு இடது கை முடிச்சாகிப் போனது. “உன்ற முடிச்சு மட்டும் எதுத்தாப்புல சுத்துதுடி, ஊருக்கே ஒண்ணு” என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. நானூறு விசைத்தறிகள் டக்கட டக்கட என்று ஓடும் ஊரில் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது என்பதால், வேலை சம்பந்தமான பேச்சையெல்லாம் உதட்டைப் பார்த்தே படித்துக்கொண்டார்கள், தூரத்தில் முதுகு காட்டி நிற்பவரைக் கூப்பிட வேண்டுமானால் காலியான தார்க்குச்சி ஒன்றை, ஊடை நூல் சுற்றும் அந்த மரக்குச்சியை, எடுத்து முதுகில் எறிந்தார்கள், வெளியே சொல்ல முடியாததையெல்லாம் முகத்தைத் தறிப்பக்கம் திருப்பிக்கொண்டு வாய்விட்டே தறியிடம் சொன்னார்கள். மாமியாரைத் திட்டுவது, செத்த பிள்ளையைக் கொஞ்சுவது, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லாமல் விட்ட ஆசையைச் சொல்வது, சும்மா அழுவது, எல்லாமே தறிக்குத்தான். தறி எல்லாவற்றையும் மென்று துணியாகத் துப்பிவிடும். தாத்தா காலத்திலிருந்து ஊரின் பாவமும் ஏக்கமும் லுங்கியாகவும் துண்டாகவும் லாரி ஏறி வெளியூர் போய்க்கொண்டிருந்தன, யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, தறிகளின் சத்தம் நின்றது. தறிகள் நிற்கவில்லை. ஊடை நூலைச் சுமந்து நாடா இடமும் வலமும் பறந்தது, துணி இறங்கியது, மோட்டார் சூடானது. சத்தம் மட்டும் வரவில்லை.

அந்த நிமிஷத்தில் ஒரு தறிக் குடோனில் ஒரு அம்மாள், இருபது வருஷமாகத் தினமும் சொல்வதைத் தறியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தறி வாய் மூடியதும், “இந்த மனுசன் எப்பத்தான் சாவானோ” என்பது குடோன் முழுக்கத் தெளிவாகப் போய் எல்லார் காதிலும் உட்கார்ந்தது. மூன்று தறி தள்ளி நின்ற அந்த மனுசன் கேட்டார்:

“என்னையா சொன்னே?”

“இல்லீங்க, பாம்பைச் சொன்னேன்.”

“எந்தப் பாம்பு?”

“இங்க ஒண்ணு சுத்துதுங்க, இருபது வருஷமா.”

இப்படி அன்று ஒரு நாளிலேயே ஊரில் பதினோரு வீடுகளில் அடுப்பு எரியவில்லை. முதலில் எலக்ட்ரீஷியன் வந்து ஃபியூஸைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கரண்டு வருது, சத்தம் எந்த ஒயர்ல வரும்னு தெரியலீங்களே என்று போனார். அப்புறம் பூசாரி வந்தார். காது டாக்டர் வந்து ஊரார் காதுகளை டார்ச் அடித்துப் பார்த்து, அழுக்கு நிறைய இருக்கிறது, மற்றபடி நன்றாகவே இருக்கிறது என்றார். ஒருவர் பழைய கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் நாதஸ்வரம் கேட்டது, பின்னால் ஓடிய தறி கேட்கவில்லை. கோகிலவாணி தறி மாதிரி வாயால் அடித்துக் காட்டப் போனாள். வெறும் காற்றுதான் வந்தது. அவள் வாய் அவளைக் கைவிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது, ஊர் எதற்குத்தான் பழகாது. சத்தமில்லாமல் நெய்தார்கள். தொட்டில் பிள்ளைகள் தூங்க மறுத்தன, பெரியவர்கள் பேச மறுத்தார்கள், சொல்லாதது வயிற்றில் சேர்ந்து ஊரே கொஞ்சம் உப்பிப்போனது.

அப்போதுதான் செங்கோட்டுவேலு மேஸ்திரியின் ஞாபகம் வந்தது.

செங்கோட்டுவேலு தறி மெக்கானிக். வயது நாற்பத்தாறு, தனி ஆள். பல வருஷங்களுக்கு முன்னால் தறிச் சத்தத்தைப் பதிவு செய்ய ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து அவர் வீட்டில் ஒரு வாரம் தங்கி, போகும்போது ஒரு கேசட் கொடுத்துவிட்டுப் போனான். முழுக்க முழுக்க இரும்புத் தகட்டைத் தரையில் இழுக்கிற சத்தம். அதைத்தான் பாட்டு என்று சொன்னான். அந்த ஒரு கேசட்டிலிருந்து நூறு விலாசங்கள் கிடைத்தன. இவர் தறிச் சத்தத்தைப் பதிந்து அனுப்புவார், பதிலுக்கு அவர்கள் தங்கள் சத்தத்தை அனுப்புவார்கள். பல் டாக்டரின் மெஷினை ஒரு மணி நேரம் ஓட விட்ட ஜப்பான்காரி ஒருத்தி. கைவிட்ட சுரங்கத்துக்குள் சங்கிலியை உருட்டிய ஜெர்மன்காரர்கள் நாலு பேர். பதினாறு ஃபிரிட்ஜுகளை ஒரே அறையில் வைத்து உறுமவிட்ட போலந்துக்காரர். உடைகிற ஏரிப் பனிக்கட்டியோடு எண்ணெய் பீப்பாயை அடித்த பின்லாந்துக்காரர். உலகத்தில் ஐம்பது பேர்கூடக் கேட்டிராத கேசட்டுகள், முந்நூற்றுச் சொச்சம், அவர் வீட்டை ஒட்டி, முன்பு தார்க்குச்சியில் நூல் சுற்றிய பழைய அறையில் வரிசையாக அடுக்கியிருந்தன. “நாள் பூராத் தறி அடிச்சது பத்தலீங்களா மேஸ்திரி?” என்று ஊர் சிரிக்கும். “சும்மாதான்” என்பார்.

சும்மா இல்லை என்று ஊருக்குத் தெரியும். எட்டு வருஷம் முன்னால் அவர் மனைவி ருக்குமணியின் முந்தானை மோட்டார் பெல்ட்டில் சிக்கியது. ஆறடி தள்ளி, முதுகைக் காட்டி, அவர் இன்னொரு தறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டிருப்பாள், தறிச் சத்தத்தில் இவருக்குக் கேட்டிருக்காது என்று ஊர் பேசிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் தலையைச் சாய்த்து, அதற்குள் ஏதோ தேடுகிறவர் மாதிரிக் கேட்பார்.

முதலில் அந்தப் பாம்பு அம்மாள்தான் வந்து நின்றாள். “அந்தக் கண்றாவியில ஒண்ணு போடுங்க மேஸ்திரி, சத்தமா.” அவர் பதினாறு ஃபிரிட்ஜைப் போட்டார். ஒலிபெருக்கிக் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த இரண்டு பெட்டிகள் உறும, அவள் சுவரைப் பார்த்து நின்று நாற்பது நிமிஷம் பேசினாள், வெளியே வந்து வெற்றிலை போட்டாள். மறுநாள் வாசலில் இருபது பேர் நின்றார்கள். சன்னலில் கழிவுப் பஞ்சை அடைத்தார். சட்டங்கள் போட்டார். பேசுகிறவர் சுவரைப் பார்க்க வேண்டும். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்து முதுகு காட்டி உட்காருவார், உதட்டைப் படித்துவிட்டார் என்று யாரும் சொல்லக்கூடாது. பேசி முடித்ததும் ஒரு தார்க்குச்சியை எடுத்து அவர் முதுகில் எறிய வேண்டும். மெதுவாக எறிந்தாலும் போதும், முதல் குச்சியிலேயே திரும்பிவிடுவார். அவ்வளவு சட்டென்று திரும்புவதைப் பார்த்துச் சிலருக்குப் பயமாகக்கூட இருந்தது.

கொஞ்ச நாளில் ஊருக்கு ருசி பிடிபட்டது. மாமியார் மருமகள் சமாச்சாரத்துக்கு ஃபிரிட்ஜ். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குப் பனிக்கட்டி. அண்ணன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் சுரங்கச் சங்கிலியைத் தவிர எதையும் ஏற்கவில்லை. டீக்கடையில் பேச்சே மாறியது. “ஜப்பான்காரி எப்பிடி?” “முதல் பக்கம் கொஞ்சம் கூச்சங்க. ரெண்டாவது பக்கத்துல அழுதுட்டேன்.”

கோகிலவாணிக்கு இதையெல்லாம் பார்த்து உதடு துடித்தது. மேஸ்திரியின் வெளிநாட்டுக் கடிதங்களை இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பவள் அவள்தான். எந்த ஊர்த் தபால்தலை எப்படியிருக்கும், எந்த ஆள் அட்டையில் என்ன கிறுக்குவான் எல்லாம் அத்துப்படி. மாசி முதல் வாரம், படிப்பு விடுமுறையில், குளியலறையில் பிளாஸ்டிக் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு, டேப் ரெக்கார்டரைக் கழற்றிய வாளி மூடிமேல் வைத்து, இரண்டு பக்கமும் நிறைய வாயாலேயே ஒரு ஆல்பம் செய்தாள். குக்கர், மிக்ஸி, ஸ்கூட்டர், கோயில் கீச்சு, தலைமையாசிரியை தொண்டை கனைப்பதை இழுத்து நீட்டியது, பல் தேய்க்கும் ஓசை, நாலு நாய், ஒரு ரம்பம். கடைசியில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது. குறும்புக்கு ஒரு கையெழுத்து வேண்டாமா. ஒன்பது வயதில் பக்கத்து வீட்டில், மேஸ்திரி வீட்டு வாசலில், தினமும் மதியம் கேட்ட குரல் ஒன்று அவள் தொண்டையில் அப்படியே இருந்தது. அதை எடுத்து வைத்தாள்:

“ஏனுங்க, சோறு ஆறுதுங்க.”

அவ்வளவுதான். அட்டையில் கேட் துருவைத் தேய்த்துப் படம் போட்டாள், வாசிக்க முடியாத எழுத்தில் பெயர் எழுதினாள், பழைய பின்லாந்துத் தபால்தலையைக் குக்கர் ஆவியில் உரித்து ஒட்டினாள், பாவு நூலால் கட்டி முடிச்சுப் போட்டாள், “தபால் வந்துருக்குதுங்க மாமா” என்று நீட்டினாள். அவர் கேட்பார், திகைப்பார், அப்புறம் புரிந்து ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் துரத்துவார் என்பது அவள் கணக்கு. ஓடுவதற்கு வசதியாகச் செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே விட்டிருந்தாள்.

செங்கோட்டுவேலு பார்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலை அறுக்காமல் ஓரமாக நகர்த்திக் கழற்றினார். கேசட்டைப் போட்டு, தலையைச் சாய்த்து, இரண்டு பக்கமும் முழுக்கக் கேட்டார். கடைசிக் குரல் வந்தது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ரீவைண்ட் செய்தார். மறுபடி கேட்டார். எழுந்து போய்க் கை கழுவினார். வீட்டுக்குள் போய்த் தட்டை எடுத்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தார்.

தட்டில் ஒன்றுமில்லை. எட்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை. அவர் சாப்பாடு மெஸ்ஸில்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மதியம் ஒரு மணிக்குக் கேசட்டின் கடைசியைப் போடுவார், குரல் கூப்பிடும், கை கழுவிவிட்டு வெறும் தட்டின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுவார். மெஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டார். ஊர் வந்து கேட்டது, கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “மேஸ்திரி முன்ன அனுப்புன தறிச் சத்தத்துக்குள்ள ருக்குமணி கூப்பிட்டது மாட்டியிருக்கும். அந்தூர்க்காரன் தறியை எடுத்துட்டு அவளை மட்டும் திருப்பி அனுப்பிச்சிருக்கான், நல்ல மனுசன்” என்றார் டீக்கடைக்காரர். எல்லாரும் ஆமாம் என்றார்கள். மேஸ்திரியும் ஆமாம் என்று தலையாட்டினார். ஊருக்கு அந்தக் கேசட்டே எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது. அதன் அடியில் பேசினால் நெஞ்சு சீக்கிரம் காலியாகிறது என்றார்கள். நடுவில் தலைமையாசிரியையே வந்து, தன்னுடைய தொண்டைக் கனைப்பின் அடியில் முக்கால் மணி நேரம் எதையோ சொல்லி அழுதுவிட்டுப் போனார்.

கோகிலவாணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நாலாம் நாள் அவர் சட்டை தோளில் தொங்கியதைப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டவள் சோறு போட வேண்டாமா? ஐந்தாம் நாள் ஒரு மணிக்கு டிபன் கேரியரோடு போய் நின்றாள்.

“அம்மா குடுத்தனுப்புனாங்க.”

“எதுக்கு கண்ணு?”

“மிஞ்சிருச்சுங்க மாமா.”

“சூடா மிஞ்சிருக்குது” என்று வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தினமும். பரீட்சை அன்றுகூட சைக்கிளில் பறந்து வந்து வைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவாள். கேசட் கூப்பிடும்போது அவர் கையை அவ்வளவு அக்கறையாக, நகத்து இடுக்கு முதற்கொண்டு கழுவுவதைப் பார்ப்பாள். நாளைக்கு என்று திரும்பி வருவாள். சொன்னால் ருக்குமணியை இரண்டாம் தடவை கொன்றதாகும். சொல்லாவிட்டால் இவள் ஆயுசுக்கும் ஒரு மணிக்குச் சோறு கொண்டு வர வேண்டும். வைகாசியில் ரிசல்ட் வந்தது, ஆடியில் கோயம்புத்தூர் நர்சிங் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது, ஆவணிக் கடைசியில் சேர வேண்டும். அவள் போனபின் ஒரு மணிக்கு அந்தக் குரல் கூப்பிடும். தட்டு காலியாக இருக்கும்.

இதற்கிடையில் ஆடியில் ஒரு மதியம் அவள் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டாள். அறைக்குள் பனிக்கட்டி கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் யாரும் இல்லை. செங்கோட்டுவேலுதான் சுவரைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தார். கேசட் டக்கென்று முடிந்தது அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாக்கியம் நிசப்தத்துக்குள் நீண்டுவிட்டது.

“தறிக்குள்ள அவ என்னைக்கு வாயைத் தொறந்து கூப்புட்டா. குச்சியிலதான அடிப்பா. ரெண்டு குச்சி வந்து முதுகுல பட்டுச்சு, வெளையாடறா, இருடி வர்றேன்னு நெனச்சுட்டுத் திரும்பாமயே...”

கோகிலவாணி கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்று முழுக்க யார் குரலையும் எடுக்கவில்லை. மயிலாத்தா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள், பன்னிரண்டு மணிக்கே போனாள். அறைக்குள் நுழைந்து, எல்லாரும் நிற்கும் இடத்தில் நின்றாள்.

“நான் பேசோணுங்க மாமா.”

அவர் கேசட் அடுக்குப் பக்கம் திரும்பினார். “எது போடட்டும்?”

“அதையே போடுங்க.”

போட்டார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் சுவரைப் பார்த்து, தன்னுடைய குக்கருக்கும் ஸ்கூட்டருக்கும் நாலு நாய்க்கும் அடியில், வாளியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தன் சொந்தக் குரலில் அவ்வளவு நேரம் அவள் பேசியதே இல்லை. அது கரகரவென்று, பாதி உடைந்து, யாருடையதோ மாதிரி இருந்தது. சோறு மிஞ்சவில்லை, தினமும் அவருக்கென்றே வடித்தது என்றாள். சிரிக்கத்தான் செய்தேன் என்றாள். குச்சி விஷயம் காதில் விழுந்துவிட்டது என்றாள். சொல்லி முடிப்பதற்கும் பெட்டியிலிருந்து “ஏனுங்க, சோறு ஆறுதுங்க” என்று கூப்பிடுவதற்கும் சரியாக இருந்தது.

ஒரு தார்க்குச்சியை எடுத்தாள். எறியக் கை வரவில்லை. அப்புறம் மெதுவாக எறிந்தாள். முதல் குச்சியிலேயே திரும்பினார்.

“முடிஞ்சுதா கண்ணு?”

“முடிஞ்சுதுங்க.”

கை கழுவினார். சாப்பிட்டார், ரசம், அவரைக்காய்ப் பொரியல். எப்போதும்போல் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து, மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“நாளைக்கு எத்தனை மணி பஸ்ஸு?”

“ஆறரைங்க.”

“இத வெச்சுக்க. பின்லாந்துக்காரன் பார்சல் கட்டியனுப்புன நூலு. நல்ல நூலு, அங்க போயி எதையாச்சும் கட்டறதுக்கு ஆகும்.” தட்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார். “போறதுக்குள்ள அவனுக்கு ஒரு லெட்டர் எழுதோணுமே.”

“என்னன்னு எழுதறதுங்க மாமா?”

“கேசட்டு நல்லா இருக்குது. ஆனா அவ திடீர்னு சோறு ஆறுதுங்கறா, அடுப்பே பத்த வெக்கலை, சோறு எங்கிருந்து ஆறும்? அடுத்த கேசட்டுல, அதுக்கு ஒரு முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி, ஏனுங்க, உலை வெச்சாச்சுங்களான்னு ஒரு தடவை கேக்கச் சொல்லு. எனக்கும் அரிசி களையோணும்னு ஞாபகம் வரும். நானே பொங்கிக்குவேன்.”

கோகிலவாணி பேனாவைத் தேடினாள். பையில் இல்லை, சன்னலிலும் இல்லை.

“மாமா, அவருக்குத் தமிழ் புரியுங்களா?”

“நல்லாப் புரியும் கண்ணு. நம்மூர்ப் பேச்சு பேசறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லை.”

அவர் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது, ஊர்த் தறிகளைப் போல, துளிச் சத்தமில்லாமல். அழுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்தப் பக்கம் பார்க்க மாட்டாமல் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். ஏழு மாதத்துக்கு முந்தின பாவு நூல், எங்கும் அறுபடவில்லை, நடுவில் முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. இடது கை முடிச்சு. எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தது, ஊருக்கே ஒன்று.